சிறுகதையைக் கூர்ந்து படிக்கும்போது எங்கே வழுக்குகிறோம்?

சிறுகதையைப் பற்றி எழுத உட்காரும் பெரும்பாலானோர் முதலில் செய்வது, கதையைத் திரும்பச் சொல்வது. நானும் செய்திருக்கிறேன். ஐந்து பக்கக் கதைக்கு மூன்று பக்கச் சுருக்கம், கடைசியில் 'மனதை உருக்கிவிட்டது' என்று ஒரு வரி. கதையைப் படித்தவருக்கு அந்தச் சுருக்கம் வேண்டாம். படிக்காதவர் கதையையே படித்துக்கொள்ளலாம். நீங்கள் பேசப்போகும் வரிக்கு வாசகரைக் கூட்டிக்கொண்டு போக எவ்வளவு சம்பவம் தேவையோ, அவ்வளவு சொன்னால் போதும்.

சரி, வரியைப் பார்ப்பது எப்படி? இதற்காகவே நான் எழுதிய மூன்று வாக்கியங்கள்:

"கடிதத்தை இரண்டு முறை படித்தாள். மடித்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். மழை இன்னும் வரவில்லை."

அவசரமாகப் படிப்பவர் 'ஏதோ சோகமான கடிதம்' என்று முடித்துவிடுவார். சோகம் எங்கே இருக்கிறது? கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று கதை சொல்லவே இல்லை. சந்தோஷமான கடிதத்தையும் இரண்டு முறை படிப்பார்கள். அடுப்புக்குள் போடவில்லை, பெட்டியில் பத்திரப்படுத்தவும் இல்லை. இன்னும் முடிவெடுக்காத கை வைக்கும் இடம் அது. அப்புறம் அந்த 'இன்னும்'. 'மழை வரவில்லை' என்று மட்டும் இருந்தால் அது வானிலைச் செய்தி. 'இன்னும்' வந்ததும் யாரோ காத்திருக்கிறார்கள். அவளா, கதைசொல்லியா? 'அவள்' என்ற சொல்லே மூன்று வாக்கியங்களிலும் இல்லை. நாம் ஏற்கெனவே அவளோடு அந்த அறையில் இருப்பதுபோலக் கதை நம்மை நடத்துகிறது.

அடுத்த வழுக்கலும் இதே இடத்தில்தான். மழை என்றதும் 'மழை இங்கே கருணையின் குறியீடு' என்று எழுதத் தோன்றும். முதலில் அது மழையாகவே இருக்கட்டும். கதையில் அது மறுபடி வருகிறதா, வரும்போது ஏதாவது மாறுகிறதா என்று பார்த்துவிட்டுக் குறியீடு பற்றிப் பேசலாம்.

தமிழில் படிக்கிறவர்கள் அதிகம் தவறவிடுவது விகுதிகளை என்பேன். ஒருவரை 'வந்தார்', 'சொன்னார்' என்று எழுதிக்கொண்டே வந்த கதைசொல்லி ஓரிடத்தில் 'போனான்' என்றால், அச்சுப்பிழையாக இல்லாத பட்சத்தில், கதையின் திருப்பமே அங்கே இருக்கலாம். 'அவளும் சிரித்தாள்' என்ற 'உம்'மில், இன்னொருவர் முன்பே சிரித்திருக்கிறார். 'அவள்தான் சிரித்தாள்' என்றால் மற்றவர்கள் சிரிக்கவில்லை. இறந்தகாலத்தில் போகும் கதை திடீரென்று 'நிற்கிறான்' என்று சொன்னால், நீங்களும் அங்கே நின்றாக வேண்டும். முதல் வாசிப்பில் இதெல்லாம் கண்ணில் படாது. ஒரே ஒரு முறை படித்துவிட்டு எழுதக் கூடாது என்பது இதனால்தான்.

1920களில் கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற இலக்கிய விமர்சகர், கவிஞர்களின் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதித் தரச் சொன்னார். எங்கெல்லாம் தடுக்கி விழுந்தார்கள் என்பதை 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' (1929) நூலில் பத்து வகையாகப் பிரித்தார். அவற்றில் இரண்டு சிறுகதைக்கும் அப்படியே பொருந்தும். ஒன்று, சொந்த நினைவு குறுக்கே வருவது. கதையில் பாட்டி இறந்தால் நம் பாட்டியை நினைத்து அழுகிறோம். அழலாம். ஆனால் அந்தக் கண்ணீரைக் கதையின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. இன்னொன்று, தயாராக வைத்திருக்கும் உணர்ச்சி. 'ஏழைத் தாய்' என்றதும் நெகிழ்ந்துவிடுகிறோம். கதை அவளைக் கறாரானவளாக, பிள்ளையிடமே கணக்குப் பார்ப்பவளாகக் காட்டியிருந்தாலும் அது கண்ணில் விழாது.

'நான்' என்று சொல்பவரை எழுத்தாளராக எடுத்துக்கொள்வதும் பழைய தவறுதான். அந்த 'நான்' பொய் சொல்லலாம், பாதியை மறைக்கலாம். ஆசிரியரின் வாழ்க்கையைத் தேடிப் போனால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இனி எழுதும் பக்கம். 'இந்தக் கதை தனிமையைப் பேசுகிறது' என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். மறுக்க அதில் ஒன்றுமில்லை. 'அவளுக்குத் தனிமை பிடித்திருக்கிறது, கதைசொல்லிதான் அதைச் சோகம் என்கிறார்' என்று எழுதிப் பாருங்கள். உடனே ஆதாரம் தேவைப்படும், கதைக்குத் திரும்பிப் போவீர்கள். மேற்கோளை நீளமாக எடுத்துப் போட்டு 'இதிலிருந்து தெளிவாகிறது' என்று நகர்ந்துவிடாதீர்கள். எந்தச் சொல்லிலிருந்து, எப்படி என்று சொல்லவேண்டியது உங்கள் வேலை. ஆதிமனிதன் கதை சொல்லத் தொடங்கியது பற்றிய முன்னுரைப் பத்தி இருந்தால் அடித்துவிடுங்கள்.

மேற்கோளை நினைவிலிருந்து எழுதவும் வேண்டாம். ஒரு முறை 'அவள் திரும்பிப் பார்த்தாள்' என்ற கடைசி வரியை வைத்து அவளுடைய தயக்கத்தைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதினேன். கொடுப்பதற்கு முன் கதையைப் புரட்டினால், அதில் இருந்தது 'திரும்பிப் பார்த்தான்'.