கோப்பைகளைக் காட்சிக்கு வைக்கும்போது

எங்கள் ஊர் கபடிக் குழுவின் கோப்பைகளை அடுக்கும்போது முதல் வேலையாகப் பாதியை உள்ளே எடுத்து வைத்தேன். எல்லாமே பளபளத்தால் கண் எதிலும் நிற்காது. லண்டன் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஆஷஸ் கலசம், இங்கிலாந்து-ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடரின் அடையாளம், அரைச் சாண் உயரம்தான். அதைப் பார்க்கத்தான் கூட்டம். சரி, முக்கியமானதைக் கண் மட்டத்தில் வையுங்கள்.

வெள்ளிக்கு அடியில் கம்பளியோ ரப்பரோ விரிக்காதீர்கள். அவற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தால்தான் பொறித்த பெயர்கள் தெரியும். பழைய ஜெர்சிக்கு மங்கலான வெளிச்சம், 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும்.

அப்புறம், எங்கள் சுழற்கோப்பையின் கைப்பிடி நெளிந்திருந்தது. தட்டி நிமிர்த்த நான் விடவில்லை. ஜெயித்த இரவு லாரியிலிருந்து விழுந்து நெளிந்தது அது. விவர அட்டையில் அதையே எழுதி வைத்தேன்.