பழைய டபிள்யூ.டபிள்யூ.எஃப் டிரம்ப் கார்டு தேடுவது எப்படி

அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப்-இன் வீரர்கள் படமும் ‘ரேங்க்’ எண்ணும் அச்சிட்ட இந்த விளையாட்டு அட்டைகளுக்காகப் புதுக் கடைகளில் அலைய வேண்டாம். பள்ளிக்கூட வாசலில் இருபது, முப்பது வருடமாக இருக்கும் ஸ்டேஷனரி, ஃபேன்சி கடைதான் முதல் இலக்கு. சென்னையில் என்றால் ஈவினிங் பஜார் மொத்தக் கடைகளையும், பழைய புத்தகக் கடைகள் உள்ள மூர் மார்க்கெட்டையும் பாருங்கள்.

மாலை நான்கு மணிக்குப் போனால் பிள்ளைகள் கூட்டத்தில் யாரும் பரண் ஏற மாட்டார்கள், மதியம் போங்கள். ஆயுதபூஜைக்கு முந்தைய வாரம் இன்னும் நல்லது. கடையை ஒழிக்கும்போது அடியில் கிடந்ததெல்லாம் வெளியே வரும். “அண்ணே, பழைய ஸ்டாக்ல ரெஸ்லிங் கார்டு இருக்கா?” என்று கேட்டு, கூடவே ஒரு நோட்டாவது வாங்குங்கள். ‘கலெக்‌ஷன்’ என்று வாய்விட்டால் விலை ஏறிவிடும்.

டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்ற பெயர் 2002 மே மாதம் டபிள்யூ.டபிள்யூ.இ ஆனது. ஆனாலும் பழைய முத்திரையை மட்டும் வைத்து, கார்டு அதற்கு முந்தையது என்று நம்ப முடியாது. உள்ளூர் அச்சகங்கள் பழைய படத்தையே பிறகும் அடித்திருக்கலாம். படத்தின் கூர்மை, அட்டையின் கனம், பின்பக்க டிசைன் மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒரே கட்டில் பின்பக்கம் மாறினால் அது இரண்டு செட்டின் கலவை. ‘ரேங்க்’ எண்களை வரிசையாக அடுக்கினால் எது குறைகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஈரத்தில் ஒட்டிக்கொண்ட கார்டுகளைப் பிய்க்காதீர்கள், மேல்பூச்சோடு படமும் உரியும். வீட்டுக்கு வந்ததும் ரப்பர் பேண்டைக் கழற்றுங்கள். அது இளகி ஓரத்தில் கறையாகப் படியும். ராமபாணப் பூச்சி அரித்ததைத் தனியே வையுங்கள். மற்றவை ஜிப் கவரில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு.