டிஸ்கார்டுக்கு மாற்று: குமரி மாவட்ட கேமிங் குழுக்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

கேமிங் குழுக்கள் குரலிலும் எழுத்திலும் பேசிக்கொள்ளும் செயலியான டிஸ்கார்டை விட்டு வெளியேற விரும்பும் குழுக்களுக்குக் காரணம் இருக்கிறது. அந்நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் சேவை செய்துவந்த வெளி நிறுவனம் ஒன்றின் வழியாக, வயதை நிரூபிக்கக் கொடுத்த அரசு அடையாள அட்டைப் படங்கள் ஏறத்தாழ 70,000 பேருடையவை கசிந்திருக்கலாம் என்று 2025 அக்டோபரில் டிஸ்கார்டே அறிவித்தது. இலவசக் கணக்கில் ஏற்றும் கோப்பின் அளவும் 2024-ல் 25 எம்.பி.யிலிருந்து 10 எம்.பி.யாகக் குறைந்தது.

ஆனால், 'டிஸ்கார்டு மாதிரியே இருக்கணும்' என்று தேடத் தொடங்கினால் தவறான இடத்தில் போய் நிற்போம். அப்படியே அச்சாக இருந்த கில்டட் என்ற செயலியை 2021-ல் ரோப்லாக்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் வாங்கியது. 2025 இறுதியில் மூடிவிட்டது. அதை நம்பிக் குடிபெயர்ந்த குழுக்கள் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. தோற்றத்தில் இன்று மிக நெருக்கமானது ஸ்டோட். 2025 வரை ரிவோல்ட் என்ற பெயரில் இருந்தது. திறந்த மூலம் (நிரலை யாரும் பார்க்கலாம்), நல்ல முயற்சி. ஆனால் சிறிய அணி நடத்துவது. முழுப் பாரத்தையும் அதன்மேல் ஏற்றுவதற்குமுன் உங்கள் ஆட்களோடு ஒரு வாரம் பேசிப் பாருங்கள்.

எங்கள் பரிந்துரை இதுதான்: குரலையும் எழுத்தையும் பிரித்துவிடுங்கள். எழுத்து நான்கு நொடி தாமதமாக வந்தால் யாரும் சாக மாட்டார்கள். குரல் அரை நொடி தாமதித்தால் ஸ்குவாடே (சேர்ந்து ஆடும் அணியே) காலி. இரண்டுக்கும் ஒரே செயலி வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டாலே பாதி வேலை முடிந்தது.

குரலுக்கு மம்பிள்

குரலுக்கு நாங்கள் முதலில் சொல்வது மம்பிள் என்ற குரல் உரையாடல் செயலி. இலவசம், திறந்த மூலம், தாமதம் குறைவு. கணினியில் மம்பிள், ஆண்ட்ராய்டில் அதே சர்வரோடு இணையும் மம்லா. இதேபோன்ற இன்னொரு குரல் செயலியான டீம்ஸ்பீக் 3-ம் நல்லதுதான். உரிமம் வாங்காமல் ஒரே நேரத்தில் 32 பேர்வரை இணையலாம். உங்கள் குழு அதற்குமேல் வளராது என்றால் அதையும் எடுக்கலாம்.

இவற்றில் எல்லாரும் வந்து இணையும் சர்வரை நாமே நடத்த வேண்டும். அதை எங்கே வைப்பது என்பதில்தான் நம் ஊர்க்காரர்கள் தடுக்கி விழுகிறார்கள். 'வீட்டில் பைபர் இருக்கே, பழைய கம்ப்யூட்டரில் ஓட்டிக்கலாம்' என்று தோன்றும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் வான் ஐ.பி. (WAN IP) என்ற இணைய முகவரியைப் பாருங்கள். அது 100.64-லிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால், பல வீடுகளுக்குப் பொதுவான ஒரே முகவரியின் பின்னால் நீங்கள் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து ஒருவரும் அந்தச் சர்வரைத் தொட முடியாது. ரவுட்டரில் போர்ட் பார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே இருக்கும் கணினிக்குத் திருப்பும் அமைப்பு) எத்தனை முறை போட்டாலும் பலிக்காது. தனி முகவரி கிடைத்தாலும் கரன்ட் பிரச்சினை இருக்கிறது. ஆனி ஆடிச் சாரலில் ஒரு முறை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு முறை என்று இரண்டு மழைக்காலம் பார்க்கும் மாவட்டம் இது. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு பல ஊர்களில் மின்சாரமும் தொலைபேசியும் நாள்கணக்கில் இல்லாமல் போனதை யாரும் மறந்திருக்க முடியாது. அட்மின் வீட்டில் கரன்ட் போனால் முப்பது பேர் ஆட்டம் நிற்கக்கூடாது.

அதனால் வாடகைச் சர்வர். 512 எம்.பி. அல்லது 1 ஜி.பி. நினைவகம் போதும், பெரிய நிறுவனங்களில் மாதம் 4 முதல் 6 டாலருக்குக் கிடைக்கிறது, வரி தனி. இருப்பிடம் கேட்கும்போது பெங்களூரு, சென்னை, மும்பை ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் ஓடும். நாகர்கோவிலிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டிலேயே சுமார் 3,000 கி.மீ.; போய்வர 30 மில்லி நொடி கணக்கிலேயே போய்விடும், நிஜத்தில் இன்னும் கூடும். ஜெர்மனியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்தால் கணக்கே 75-ஐத் தொடும். பேச்சு ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லி நொடிக்குள் இருக்கவேண்டும் என்பது தொலைபேசித் துறை வைத்திருக்கும் அளவு. அதில் பாதியைச் சர்வரின் தூரத்துக்கே கொடுக்கலாமா?

நிறுவியதும் சூப்பர்யூசர் என்ற முழு அதிகாரக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அந்தக் கணக்கில் விளையாட வராதீர்கள். சேனல் அமைக்கவும் அனுமதி கொடுக்கவும் மட்டும் அது. ஐ.பி. எண்ணை உறுப்பினர்களிடம் கொடுக்காமல் ஒரு டொமைன் பெயரைச் சர்வருக்குச் சுட்டி, அந்தப் பெயரைக் கொடுங்கள். நாளைக்குச் சர்வரை மாற்றினாலும் யாரும் எதையும் திருத்த வேண்டாம்.

மிகச் சாதாரணமாக நடக்கும் கோளாறு ஒன்று. மம்பிள் 64738 என்ற போர்ட்டை (சர்வருக்குள் நுழையும் வாசல் எண்) டி.சி.பி., யு.டி.பி. என்ற இரண்டு அனுப்பும் முறைகளிலும் பயன்படுத்துகிறது. டி.சி.பி.யை மட்டும் திறந்துவிட்டால் எல்லாரும் உள்ளே வருவார்கள், பெயர்கள் தெரியும், பேசவும் முடியும். ஆனால் குரல் திக்கித் திக்கி வரும். காரணம், யு.டி.பி. வழி அடைபட்டதும் குரல் டி.சி.பி.க்குள் திணிக்கப்படுகிறது. அங்கே தொலைந்த ஒரு பொட்டலம் (குரலின் சிறு துண்டு) திரும்ப வரும்வரை பின்னால் வருவதெல்லாம் காத்துநிற்கும். பார்க்கிறவர்கள் 'ஜியோ சரியில்லை, ஏர்டெல் சரியில்லை' என்று சண்டை போடுவார்கள். சர்வர் நிறுவனத்தின் பயர்வால் (தடுப்பு அமைப்பு), சர்வருக்குள் இருக்கும் பயர்வால் என்று இரண்டு இடத்திலும் இரண்டையும் திறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

ஒலித்தரம் 40 கிலோபிட், பொட்டலத்துக்கு 20 மில்லி நொடி என்று வையுங்கள். பொட்டலத்தை 10-க்குக் குறைத்தால் தாமதம் கொஞ்சம் குறையும். ஆனால் நொடிக்கு 50 பொட்டலம் 100 ஆகும், ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒட்டும் முகவரித் தலைப்புகளுக்கு மட்டுமே நொடிக்கு 11 கிலோபிட் கூடுதல் செலவு. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு கோடு சிக்னலில் ஆடுகிறவர்களுக்கு 40 மில்லி நொடி வைத்துக்கொடுங்கள். தாமதம் சற்றுக் கூடினாலும் அறுந்துபோவது குறையும். டேட்டாவைப் பற்றிக் கவலை வேண்டாம்: ஒருவர் இடைவிடாமல் பேசினாலும் கேட்பவருக்கு மணிக்குச் சுமார் 25 எம்.பி.தான். சும்மா இருந்தால் குரல் போகாது. ஆனால் மம்பிள் ஒவ்வொருவர் குரலையும் தனித்தனியாக அனுப்புகிறது. மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினால் மூன்று மடங்கு. ஸ்குவாடுக்கு ஒரு சேனல் என்று நான்கு நான்கு பேராகப் பிரிப்பதே இதற்கு மருந்து.

உறுப்பினரின் அடையாளம் கடவுச்சொல்லில் இல்லை, சான்றிதழ் கோப்பில் இருக்கிறது. கைபேசியை மாற்றினால் சான்றிதழும் போகும், பதிவு செய்த பெயர் பூட்டிக்கொள்ளும். முதல் நாளே அதை ஏற்றுமதி செய்து பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

கைபேசியில் ஆடுகிறவர்களுக்கு

பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்ற கைபேசிச் சுடும் ஆட்டங்கள் ஆடும் குழு என்றால் சிக்கல் சர்வரைவிடக் கைபேசியில்தான் அதிகம். ஆட்டத்துக்குள் இருக்கும் மைக்கை முழுக்க அணையுங்கள். மைக் ஒரு நேரத்தில் ஒரு செயலிக்குத்தான் ஒழுங்காகக் கிடைக்கும். புளூடூத் இயர்பட்ஸில் மைக் திறந்த நொடியில் அது அழைப்பு முறைக்கு மாறும். காலடிச் சத்தம் மங்கி, எந்தப் பக்கம் என்றே தெரியாது. மைக் உள்ள வயர் இயர்போன்தான் சரி. இரண்டு நிமிடத்தில் குரல் தானாக அறுந்தால் பேட்டரி அமைப்பில் மம்லாவுக்குக் 'கட்டுப்பாடு இல்லை' என்று கொடுங்கள். ஷாவ்மி, விவோ, ரியல்மி கைபேசிகளில் இது கட்டாயம். தகரக் கூரையில் மழை கொட்டும் வீட்டில் கணினியில் ஆடுகிறவர், மம்பிளின் இரைச்சல் நீக்கத்தில் ஆர்.என்.நாய்ஸ் (RNNoise) என்ற முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

எழுத்துக்கு எது

வாட்ஸ்அப் எல்லார் கையிலும் இருக்கிறது, அதற்காகவே அதை எடுக்காதீர்கள். குழுவில் 1,024 பேர்தான் வரம்பு என்பது சின்ன விஷயம். முன்பின் தெரியாதவர்களுக்கு எல்லார் கைபேசி எண்ணும் தெரியும் என்பதுதான் பெரிய விஷயம். பள்ளிப் பிள்ளைகளும் பெண்களும் ஆடும் குழுவில் இது ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்ல.

டெலிகிராமில் எண்ணை மறைக்கலாம். தனியுரிமை அமைப்பில் எண்ணை யார் பார்க்கலாம் என்பதற்கு 'யாரும் இல்லை', எண்ணை வைத்து யார் தேடலாம் என்பதற்கு 'என் தொடர்புகள்' என்று ஒவ்வொரு உறுப்பினரும் மாற்ற வேண்டும். அட்மின் அவர்களுக்காக இதைச் செய்ய முடியாது, சேரும்போதே சொல்லுங்கள். குழுவைத் தலைப்புவாரியாகப் பிரிக்கும் டாபிக்ஸ் வசதியைத் திறந்து அறிவிப்பு, கஸ்டம் ரூம் (நம் ஆட்களுக்கு மட்டுமான ஆட்ட அறை), கிளிப் (ஆட்ட வீடியோ), அரட்டை என்று நான்கு பிரிவு போதும். புதிதாகச் சேர்பவருக்குப் பழைய செய்திகள் தெரியும்படி வையுங்கள். கோப்பு 2 ஜி.பி. வரை போகும், கிளிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் குழு உரையாடலுக்கு முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் படிக்கும்படி பூட்டுவது) இல்லை. சர்வர், கணக்கு போன்றவற்றின் கடவுச்சொல்லை அங்கே போடாதீர்கள். சேர்க்கை அனுமதி கேட்டு நடக்கட்டும், புதியவர்கள் இணைப்பு போடுவதைத் தடுத்துவையுங்கள். பந்தய ஆட்ட விளம்பரம் போடும் போலிக் கணக்குகள்தான் முதலில் நுழையும். 2025-ல் வந்த இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நடத்துவதோடு அவற்றை விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது, பார்த்ததும் நீக்குங்கள்.

தரவு முழுக்க நம் கையில் இருக்கவேண்டும் என்ற குழுவுக்கு, நம் சொந்தச் சர்வரில் நடத்தக்கூடிய மேட்ரிக்ஸ் என்ற அரட்டை முறை உண்டு, எலிமென்ட் செயலி வழியாக. சர்வர் பராமரிக்கத் தெரிந்த ஆள் குழுவில் இருந்தால் மட்டும். பொது அறையில் மறையாக்கத்தை இயக்காதீர்கள்: ஒருமுறை இயக்கினால் அந்த அறையில் திரும்ப அணைக்க முடியாது, மீட்புச் சாவியைத் தொலைத்தவர்களுக்குப் பழைய செய்தி எதுவும் திறக்காது.

வளைகுடாவில் இருப்பவர்கள்

மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் பக்கக் குழுக்களில் துபாய், அபுதாபி ஆட்கள் இல்லாமல் இருக்காது. ஐக்கிய அரபு அமீரகத்தில் உரிமம் பெறாத இணையக் குரல் அழைப்புகளுக்குத் தடை உண்டு; வாட்ஸ்அப் அழைப்பு அங்கே போகாததும் அதனால்தான். வி.பி.என். (இருக்கும் இடத்தை மறைக்கும் இணைப்பு) போட்டுச் சமாளிக்கச் சொல்லாதீர்கள், மாட்டினால் அபராதம் மிகப் பெரியது. அவர்களை எழுத்துக் குழுவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களோடு ஆடும்போது மட்டும் குரலுக்கு ஆட்டத்துக்குள் இருப்பதை, அது அங்கே போகிறதென்றால், பயன்படுத்தலாம். நேரம் குறிக்கும்போது நம் இரவு 9 மணி அவர்களுக்கு 7.30 என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மாறும் முறை

டிஸ்கார்டில் சர்வரின் (அங்கே குழுவுக்கே அந்தப் பெயர்) மொத்தச் செய்திகளையும் அட்மின் எடுத்துக்கொள்ளும் வசதி இல்லை. விதிகள், பின் செய்து மேலே நிறுத்திய செய்திகள், பொறுப்புப் பட்டியல், தடை செய்தவர்கள் பட்டியல் ஆகியவற்றைக் கையால் எடுத்து வைக்க வேண்டும். தடைப் பட்டியலை மறந்தால் பழைய தொல்லைக்காரர்கள் புது வாசலில் முதல் ஆளாக நிற்பார்கள்.

மோசமான சிக்னல் உள்ள நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து, சனிக்கிழமை இரவு நெரிசல் நேரத்தில் இரண்டு மணிநேரம் ஆடவிடுங்கள். அவர்களுக்குச் சரியென்றால் எல்லாருக்கும் சரி. பிறகு இரண்டு வாரம் இரண்டு இடமும் திறந்திருக்கட்டும். ஆனால் கஸ்டம் ரூம் எண்ணும் கடவுச்சொல்லும் புதிய இடத்தில் மட்டும் வரட்டும். அதைவிட வேகமாக ஆட்களை நகர்த்தும் வழி இல்லை. அதன்பின் டிஸ்கார்டில் எழுதும் அனுமதியை எடுத்துவிட்டு, புதிய முகவரியை மேலே பின் செய்து ஒரு மாதம் விட்டுவையுங்கள். சர்வர், டொமைன் இரண்டின் கடவுச்சொல்லும் கட்டண நாளும் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒருவர் கப்பலுக்கோ வெளிநாட்டு வேலைக்கோ போய்விட்டால் மற்றவர் கட்டுவார்.