ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கை, கால் தசைகளில் ஆக்சிஜன் குறைந்தால் அங்குள்ள ரத்தக்குழாய்கள் விரியும். நுரையீரலில் நேர் எதிர். ஒரு பகுதியின் காற்றறைகளில் ஆக்சிஜன் குறைந்தால், அங்கே போகும் சிறு தமனிகள் சுருங்கிவிடும். மெட்ரோ வேலைக்காக மவுண்ட் ரோட்டில் வண்டிகளைத் திருப்பிவிடுவதுபோல, ரத்தம் நல்ல காற்று வரும் பக்கம் போகும். 1946இல் ஆய்லர், லில்யஸ்ட்ராண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் பூனைகளிடம் இதை விளக்கிக் காட்டினார்கள்.

எனவே இந்தச் சுருக்கத்தையே நோய் என்று நினைக்கக் கூடாது. முழு நுரையீரலும் மாதக்கணக்கில் சுருங்கிக் கிடந்தால்தான் வில்லங்கம்: குழாய்ச் சுவர் தடிக்கும், நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறும், இதயத்தின் வலப்பக்கம் திணறும், கால் வீங்கும். பல வருடம் பீடி, சிகரெட் பிடித்து மூச்சிரைப்பு வந்தவருக்குக் கால் வீங்கினால் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். 'பிபி நார்மல்தானே' என்பதும் பதில் ஆகாது. கையில் கட்டும் கருவிக்கு நுரையீரல் அழுத்தம் தெரியாது. எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்தால்தான் ஓரளவு தெரியும்.

வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) வைத்திருப்பவர்கள் செய்கிற தவறுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. சிஓபிடி (மூச்சுக்குழாய்கள் அடைபட்டு வரும் நாள்பட்ட நுரையீரல் நோய்) உள்ள அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, விரலில் மாட்டும் கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதம் என்று காட்டுகிறது. உடனே மகன் குமிழைத் திருகி 98க்குக் கொண்டுபோகிறார். பலருக்கு மருத்துவர்கள் வைக்கும் இலக்கே 88 முதல் 92தான். அதற்கு மேல் போனால், சுருங்கியிருந்த குழாய்கள் திறந்து, காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கும் ரத்தம் பாயும். கார்பன் டை ஆக்சைடு உடம்பில் தேங்க இதுவும் ஒரு காரணம். 'அப்பா இன்னைக்கு நல்லா தூங்குறார்' என்று நாம் நிம்மதியாக இருப்போம். அது மயக்கமாக இருக்கலாம். எழுப்பிப் பாருங்கள், தெளிவாகப் பேசவில்லையென்றால் 108தான். இதற்கு மறுபக்கமும் உண்டு: தினமும் 15 மணி நேரம் போடச் சொன்னதை, மூச்சு வாங்கும்போது மட்டும் போடுவது.

அப்புறம், லடாக்கில் உள்ள லே நகருக்குப் பயணம். கடல் மட்டச் சென்னையிலிருந்து விமானத்தில் போய் சுமார் 3,500 மீட்டரில் இறங்கி, மறுநாளே இன்னும் உயரத்தில் உள்ள கர்துங் லா கணவாய்க்குக் கிளம்புகிறார்கள். உயரத்தில் குழாய்கள் ஒரே சீராகச் சுருங்காது. சுருங்காத இடங்களில் அழுத்தம் எகிறி நுரையீரலுக்குள் நீர் கசியும். வறட்டு இருமலோடு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் இருமல் மருந்து குடித்துக்கொண்டு அங்கேயே படுத்திருக்கக் கூடாது. ஜிம் போகிற இளைஞர்களுக்கும் இது வரும். ஆக்சிஜன் கிடைத்தால் வைத்துக்கொண்டு, இரவானாலும் மருத்துவமனைக்கோ தாழ்வான இடத்துக்கோ கிளம்ப வேண்டும்.