தோட்டக் குடியிருப்புகளில் இரத்த அழுத்தச் சிகிச்சை பாதியில் நிற்காமலிருக்கச் செய்ய வேண்டியவை

குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் இரத்த அழுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவரிடம் நோயின் தீமைகளை மீண்டும் விளக்குவதால் பயன் குறைவு. அவை அவருக்குத் தெரிந்தவையே. ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக்குக் காத்திருந்து மருத்துவமனைக்குப் போகும் சிரமம் இன்றே கண்முன் நிற்கிறது. பக்கவாதமோ என்றோ வரக்கூடியது. எதிர்கால நன்மையைவிட இன்றைய சிரமத்தைப் பெரிதாக மதிக்கும் இந்த இயல்பை நடத்தைப் பொருளாதாரம் நிகழ்காலச் சாய்வு என்கிறது. ஆகவே மகளிர் குழுவினரும் சுகாதாரத் தன்னார்வலர்களும் முதலில் குறைக்க வேண்டியது அந்தச் சிரமத்தைத்தான்.

மாலையில் இலை எடை போடும் இடத்திலேயே பரிசோதனையை வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் எப்படியும் அங்கு வருவார்கள். ஆனால் இலை மூட்டையைச் சுமந்து மேடேறி வந்தவருக்கு உடனே அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வைத்து, அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் தேநீரோ புகையிலையோ எடுத்தாரா என்று கேட்ட பிறகே அளக்க வேண்டும். மருந்து தேவைப்படுவோரை, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவு செய்ய உதவுங்கள்.

முகாம் நாள் மாறவே கூடாது. ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோர் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளுக்கான முழுத் தடுப்பூசி விகிதம் முகாம் எதுவும் நடத்தப்படாத ஊர்களில் 6 சதவீதமாகவும், தவறாமல் முகாம் நடந்த ஊர்களில் 18 சதவீதமாகவும், முகாமுடன் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு கிலோ பருப்பும் இறுதியில் தட்டுகளும் தரப்பட்ட ஊர்களில் 39 சதவீதமாகவும் இருந்தது. சிறு பரிசுக்கு வலிமை உண்டு. ஆயினும் நம்பகமான முகாம் இல்லாத இடத்தில் பரிசைப் பற்றி யோசிப்பது வீண் என்பேன். மழையில் சாலை அடைபட்டால் எந்த நாள் என்பதையும் முன்பே அறிவித்துவிடுங்கள்.

மருத்துவமனைக்கே போக வேண்டியவரிடம் நாள், நேரம், பேருந்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் ஆகியவற்றை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், நாளையும் நேரத்தையும் எழுதத் தூண்டியதால் மட்டும் ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி போட்டவர்களின் விகிதம் 33.1 சதவீதத்திலிருந்து சுமார் நான்கு புள்ளிகள் உயர்ந்தது. காலை மாத்திரை என்றால், தேயிலைத்தூள் டப்பாவின் அருகே, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்லலாம்.

உப்புக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு. பெரியவர்கள் நால்வர் உள்ள வீட்டுக்கு அது மாதம் 600 கிராம். கருவாட்டிலும் வர்க்கியிலும் உள்ள உப்பும் இதற்குள் அடக்கம். அந்த அளவை மாதத் தொடக்கத்திலேயே தனி டப்பாவில் எடுத்து வைத்தால் கண் முன்னே கணக்கு இருக்கும்.

எதையும் மறைத்துச் செய்யக் கூடாது. கூடலூர், பந்தலூர்ப் பழங்குடிக் குடும்பங்களுக்கான அரிவாள் செல் (பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் இரத்த நோய்) பரிசோதனையின் முடிவு திருமணப் பேச்சுவரை தொடக்கூடியது. ஆகவே மறுக்காதவர் எல்லோரும் சம்மதித்தவர் என்று கொள்ளாமல், ஒவ்வொருவரிடமும் விளக்கிச் சம்மதம் பெற வேண்டும். முகாமுக்கு வராதவர்களின் பெயரைப் பொதுவிடத்தில் ஒட்டாதீர்கள். அடுத்த வாரம் ஒருவர் தனியே அவர் வீட்டுக்குச் சென்று, வர முடியாமல் போனதற்கு எது தடையாக இருந்தது என்று கேட்டு, அதை அடுத்த முகாமுக்குள் சரிசெய்யுங்கள்.