நிறைவெண் செய்நிரலா? 16ஐயும் கொடுத்துப் பாருங்கள்

கொழும்பில் உயர்தரத்துக்கு ஐசிடி படிக்கும் தம்பி தங்கைகளே, பைதனில் நிறைவெண் (தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்) தேடும்போது 6, 28, 496, 8128 வந்துவிட்டதென்று சோதனையை நிறுத்திவிடாதீர்கள்.

காரணிகளை வர்க்கமூலம் வரை தேடினாலே போதும், ஒவ்வொன்றோடும் அதன் சோடியையும் (எண்ணை அந்தக் காரணியால் வகுத்தால் வரும் ஈவையும்) கூட்டிக்கொள்ளலாம். அடுத்த நிறைவெண் 33550336. அதற்கும் 5792 வரை போனால் சரி. வர்க்க எண்களில்தான் சிக்கல். தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகையைத் தனிச் சார்பாக எழுதி அதற்கு 16ஐக் கொடுங்கள். 15 வரவேண்டும். 19 வந்தால் 4 இருமுறை கூட்டப்பட்டிருக்கிறது. 16 எப்படியும் நிறைவெண் இல்லை என்பதால், கடைசி விடையை மட்டும் பார்த்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

அப்புறம் 1. கூட்டுத்தொகையை 1இலிருந்து தொடங்கியிருந்தால், செய்நிரல் அதையும் நிறைவெண் என்றே சொல்லும். 1ஐ முதலிலேயே விலக்கிவிடுங்கள்.