வெள்ளியங்கிரி ஏறப் போகிறீர்களா? இதையெல்லாம் தவிர்த்துவிடுங்கள்

கோயம்புத்தூர் அருகே உள்ள பூண்டி அடிவாரத்திலிருந்து, ஏழு மலைகள் ஏறி, சிவன் கோயில் கொண்டிருக்கும் வெள்ளியங்கிரி உச்சிக்கு ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். தூரத்தை மட்டும் கேட்டுவிட்டு ‘இவ்வளவுதானா’ என்று வருகிறவர்கள் பலர். முதல் மலையின் படிகளிலேயே மூச்சு வாங்கி ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான். ஏழு மலைகளில் முதல் மலை செங்குத்தானது. அதை வேகமாக ஏறி முடித்துக் காட்ட வேண்டும் என்று நினைப்பதுதான் இந்த யாத்திரையின் முதல் தவறு. மற்ற பல தவறுகள் இதிலிருந்தே பிறக்கின்றன.

முதல் மலை முடிவில் வெள்ளைப் பிள்ளையார் கோயில் வரும். அதுவரை பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற அளவுக்கு மெதுவாக ஏறுங்கள். பேச முடியாமல் மூச்சு இரைத்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். சின்னப் பையன்கள் தாண்டி ஓடுவார்கள், ஓடட்டும். ‘அவன் போறான், நான் போகக் கூடாதா’ என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அதை அங்கேயே கவனித்து அடக்கப் பழகினால், நீங்கள் எதற்காக மலைக்கு வந்தீர்களோ அந்த வேலை தொடங்கிவிட்டது.

உடல்நிலையை மறைப்பது இன்னும் பெரிய தவறு. இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், சர்க்கரை, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்வது சும்மா இல்லை. ஏறும்போதே மாரடைப்பில் இறந்தவர்கள் உண்டு. ‘சாமி பாத்துக்குவார்’ என்று மாத்திரையைக்கூட எடுக்காமல் வருவதைப் பக்தி என்று என்னால் சொல்ல முடியாது. நெஞ்சு இறுகினால், கண் இருட்டினால், அது மூன்றாவது மலையோ ஆறாவது மலையோ, ஏற்றத்தை அங்கேயே நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள். அடிவாரத்திலும் ஆண்டவர் கோயில் இருக்கிறது. அங்கே கும்பிட்டுவிட்டுத் திரும்பினாலும் யாத்திரைதான்.

வனத்துறை அனுமதிப்பது பொதுவாகப் பிப்ரவரி முதல் மே வரை. வெயிலுக்குப் பயந்து பெரும்பாலானவர்கள் இரவில் ஏறுகிறார்கள். அப்போது கைபேசி வெளிச்சத்தை நம்பாதீர்கள். ஒரு கையில் மூங்கில் தடி இருக்கும், இன்னொரு கை பாறையைப் பிடிக்க வேண்டும். தலையில் மாட்டும் விளக்கு இருந்தால் நல்லது. கோயம்புத்தூர் வெக்கையை நினைத்து மெல்லிய சட்டையோடு வருபவர்கள் ஏழாவது மலைக் காற்றில் நடுங்கிப்போவார்கள். வியர்வையில் நனைந்த சட்டையை மாற்ற இன்னொன்றும், ஒரு கம்பளியும் கட்டாயம் வேண்டும். ஆறாவது மலையின் ஆண்டி சுனையில் குளிப்பது வழக்கம்தான். ஆனால் உடம்பு கொதிக்கக் கொதிக்க நேராக அந்தத் தண்ணீரில் இறங்காதீர்கள். கொஞ்சம் உட்கார்ந்து, கை கால் நனைத்து, அப்புறம் குளிக்கலாம். சோப்பும் ஷாம்பூவும் வேண்டவே வேண்டாம். உடுத்திய துணியை அங்கே விட்டுவருவதும் கூடாது. அடிவாரத்தில் வனத்துறையினர் பையைத் திறந்து பிளாஸ்டிக்கைப் பார்க்கும்போது எரிச்சல்படுகிறோம். யானை நடமாடும் காடு அது, நாம்தான் விருந்தாளிகள்.

ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் போட்டுக்கொண்டு ஏறும் குழுக்களைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. இரவில் அந்தப் பாதையில் கேட்க வேண்டியது காற்றும் தடி தட்டும் ஓசையும், எங்கிருந்தோ வரும் ஒரு ‘நமசிவாய’வும்தான். கொஞ்ச தூரமாவது பேசாமல் நடந்து பாருங்கள். வீட்டுக் கவலை, அலுவலகச் சண்டை எல்லாம் வரிசையாக வந்து போகும். வழுக்குப்பாறை வரும்போது அவையும் நின்று, அடுத்த அடியை எங்கே வைப்பது என்பது மட்டும் மிஞ்சும்.

உச்சியில் ஏதோ ஒன்று நடந்தே தீரும் என்று எதிர்பார்த்து ஏறுபவர்கள் ஏமாந்து போவதுண்டு. சுயம்பு லிங்கத்தின் முன் கூட்ட நாட்களில் சில நொடிகள்தான் கிடைக்கும். அதற்குள் கைபேசியை வெளியே எடுத்தால் அதுவும் போச்சு. களைத்துக் கிடந்த முன்பின் தெரியாத ஒருவருக்கு நாலாவது மலையில் நீங்கள் கொடுத்த தண்ணீர், அந்த நொடிகளைவிடக் கனமானதாக இருக்கலாம்.

தரிசனம் முடிந்ததும் யாத்திரை முடிந்துவிட்டதாக நினைத்துத் தடதடவென்று இறங்குவது கடைசித் தவறு. முட்டி போவது ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில்தான். தடியை முன்னே ஊன்றி, காலைக் குறுக்காக வைத்து, சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள். கால் நடுங்கினால் உட்காருங்கள். வண்டியில் வந்திருந்தால், ராத்திரி முழுக்கக் கண்விழித்து மலை ஏறியவர் திரும்பும்போது ஓட்டக் கூடாது. மலை ஏறாமல் அடிவாரத்தில் தூங்கிய ஒருவர் இல்லையென்றால், எல்லாரும் சில மணி நேரம் படுத்து எழுந்து கிளம்புங்கள்.